புதுப்பிப்பு: ஏற்காடு ஏற்றத்தில் இழுக்காத டர்போ, காரணம் கிடைத்துவிட்டது

போன மாதம் எழுதியது இதுதான்: சேலத்துச் சமதளத்தில் ஒழுங்காக ஓடும் என் 20 வயது டர்போ பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார், ஏற்காடு மலைப்பாதையில் இழுக்க மறுத்தது, பின்னால் கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போய்விட்டது என்றுதான் பலரும் சொன்னீர்கள். நானும் பயந்தேன்.

டர்போ நன்றாக இருக்கிறது! சூரமங்கலத்தில் ஒரு சின்னப் பட்டறை. மெக்கானிக் அண்ணன் எதையும் கழற்றுவதற்கு முன்னால் இன்டேக் குழாய்க்குள் புகையைச் செலுத்திப் பார்த்தார். இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப்பை ஒட்டி, மெல்லிதாகக் கசிந்தது. ரப்பர் ஆயிலில் ஊறி வெடித்திருந்தது. மெதுவாக ஓட்டும்போது தெரியாது. ஏற்றத்தில் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறினால் விரிசல் அகலமாகத் திறந்துகொள்ளும். சென்சார் அளந்த காற்று வழியிலேயே வெளியேறிவிட, இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். கறுப்புப் புகை அதனால்தான்.

சிலிக்கோன் ஹோஸும் புது கிளாம்ப்புகளும் போட்டாயிற்று. ஞாயிறு விடியற்காலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே மூச்சில் ஏறியது. அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம், ரீமேப் (பவர் கூட்ட இசியு மென்பொருளை மாற்றுவது) பற்றிக் கேட்டவர்களுக்கு: இப்போதைக்கு இல்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால் டர்போ ஏற்கெனவே கூடுதலாகச் சுழல்கிறது. பூஸ்ட்டைக் கட்டுப்படுத்த உதவும் வேக்குவம் குழாய்கள் பழையதாக இருக்க, பூஸ்ட்டைக் கூட்டுவது தவறு என்றே நினைக்கிறேன். ஏரிக்கரையில் நிறுத்தியதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் அணைத்தேன், டர்போவின் சூட்டில் ஆயில் கருகாமல் இருக்க. அடுத்த வேலை அந்த வேக்குவம் குழாய்கள்தான்.