மாப்பிள்ளை கம்பெனி மாறிவிட்டார், கிரீன் கார்டு என்ன ஆகும்?

வண்ணார்பேட்டை தம்பி:

தங்கச்சிக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையனுக்குப் பூர்வீகம் சேரன்மகாதேவி, வேலை டல்லாஸில். தரகர் வாயைத் திறந்ததும் சொன்னது "கிரீன் கார்டு ப்ராசஸிங்கில் இருக்கு" என்பதுதான். அப்பாவுக்கு அதிலேயே பாதி சம்மதம். போன வாரம் பேச்சுவாக்கில் பையனே சொன்னார், இரண்டு மாதத்துக்கு முன்னால் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாராம். எங்கள் தெருவில் மகனை அமெரிக்காவில் வைத்திருக்கிற ஒருவர், "கம்பெனி மாறினா எல்லாம் போச்சு, திரும்பக் கடைசியில் போய் நிக்கணும்" என்று அப்பாவிடம் போட்டுவிட்டார். பூ வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தோம், அதை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

பையன் கொடுத்த விவரம்: 2018-ல் ஹெச்-1பி வேலை விசா. 2021 ஜூனில் பெர்ம் போட்டது. 2022-ல் ஐ-140 அப்ரூவல். இபி-2, அதாவது மேல்படிப்பு படித்தவர்களுக்கான வேலைப் பிரிவு. இது போனதா, இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொருநைக்கரை:

உங்கள் தெருக்காரர் ஒன்றும் சும்மா சொல்லவில்லை தம்பி. கிரீன் கார்டுக்குப் பையன் மனு போடவில்லை, அவருக்காகக் கம்பெனி போட்டது. முதல் படி பெர்ம். இந்த வேலைக்கு இந்த வட்டாரத்தில் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று விளம்பரம் கொடுத்துப் பார்த்து, தொழிலாளர் துறையிடம் சான்று வாங்குவது. அந்தச் சான்று அந்தக் கம்பெனிக்கு, அந்த வேலைக்கு, அந்த ஊருக்கு மட்டும். கிளம்பும்போது கையோடு எடுத்துப்போக முடியாது. புதுக் கம்பெனி சம்பள நிர்ணயம் வாங்கி, விளம்பரம் போட்டு, பெர்ம் போட்டு, அப்புறம் ஐ-140, அதாவது இவருக்குக் கிரீன் கார்டு கேட்டுக் கம்பெனி போடுகிற மனு. ஒன்றரை வருஷம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். அதுவும் அவர்களுக்கு மனசு இருந்தால். சேர்ந்து ஒரு வருஷம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்கிற இடங்கள் எத்தனையோ.

ஐ-140 வந்த பிறகு கம்பெனி மாறுவது பொறுப்பான பிள்ளை செய்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை. நான் அங்கே இருந்த காலம் முழுக்க ஒரே கம்பெனிதான்.

டவுன் ஆர்ச்:

நான் நியூஜெர்சியில் ஒரு குடியேற்ற வக்கீல் ஆபீஸில் பேப்பர் வேலை பார்க்கிறேன். வக்கீல் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெர்ம் பற்றி அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. "எல்லாம் போச்சு" என்பதுதான் தப்பு. பெர்ம் போட்ட நாள்தான் வரிசையில் அவருடைய இடம், அதற்குப் பெயர் பிரையாரிட்டி தேதி. ஐ-140 அப்ரூவ் ஆகிவிட்டால் அந்தத் தேதி பையனோடு போகும். மோசடி, பொய்த் தகவல், பெர்ம் சான்றே ரத்தாவது, அப்ரூவலே பெரிய பிழையால் கொடுக்கப்பட்டது, இந்த மாதிரிக் காரணம் இருந்தால்தான் பறிபோகும். புதுக் கம்பெனி நாளைக்கு ஐ-140 போட்டாலும் அதில் 2021 ஜூன்தான் ஏறும்.

அடுத்தது, 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி. ஐ-140 அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டிவிட்டால், பழைய கம்பெனி கோபத்தில் வாபஸ் வாங்கினாலும் அது தானாக ரத்தாகாது. அதைக் காட்டியே ஆறு வருஷ வரம்புக்கு மேல் மூன்று மூன்று வருஷமாக ஹெச்-1பி நீட்டிக்கலாம். இவருக்கு 2022-லேயே அப்ரூவல். 180 நாள் எப்போதோ கழிந்துவிட்டது.

பொருநைக்கரை:

அதாவது நெல்லை எக்ஸ்பிரஸில் பெட்டி மாறி உட்கார்ந்தாலும் டிக்கெட் செல்லும் என்கிறீர்கள். அவர் பெட்டி மாறவில்லை வே, வண்டியே மாறிவிட்டார்.

தேதி இருக்கட்டும். தேதியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? முறை வரும்போது ஐ-485 என்கிற கடைசிக் கிரீன் கார்டு விண்ணப்பம் போட உயிரோடு ஒரு வேலை வேண்டும், அந்த வேலைக்கு ஐ-140 வேண்டும். புதுக் கம்பெனி பெர்ம் போடுகிற நேரம் பார்த்து ஆட்குறைப்பு வந்தால்? கடந்த ஆறு மாதத்தில் அதே வேலையில் அதே வட்டாரத்தில் ஆளை வெளியே அனுப்பியிருந்தால், அப்படிப் போனவர்களுக்குத் தகவல் கொடுத்து அவர்களைப் பரிசீலித்த பிறகுதான் பெர்ம் போட முடியும். அதனால்தான் 2023-ல் பெரிய கம்பெனிகளே பெர்மை நிறுத்தி வைத்தன. புதிதாகச் சேர்ந்தவனைத்தான் முதலில் வெளியே அனுப்புவார்கள். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள், ஐ-94 என்கிற தங்கும் அனுமதி அதற்கு முன்னால் முடிந்தால் அதுவும் இல்லை. அதற்குள் வேறு வேலையைப் பிடி, இல்லை விசா வகையை மாற்று, இல்லை மூட்டையைக் கட்டு. கல்யாணம் முடிந்த கையோடு இது நடந்தால் யார் பதில் சொல்வது?

கடையம் மதினி:

பழைய கம்பெனி மட்டும் ஆளை வெளியே அனுப்பாதா? என்ன பேச்சு இது.

என் வீட்டுக்காரர் உங்களைப் போலத்தான், "ஐ-140 இருக்கு, அசையக்கூடாது" என்று உட்கார்ந்திருந்தார். இவர் நகரமாட்டார் என்பது மேனேஜருக்கும் தெரியும். சம்பள உயர்வு என்று ஒரு பேச்சு கிடையாது. கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள், இவர் அதே நாற்காலியில். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்களே கணக்கை முடித்து அனுப்பினார்கள். அந்த 60 நாளில் எங்களைக் காப்பாற்றியது கம்பெனி விசுவாசம் இல்லை. டவுன் ஆர்ச் சொன்ன அந்தப் பழைய ஐ-140தான். அதை வைத்துப் புது இடத்தில் ஹெச்-1பி நீட்டினார்கள். ஹெச்-1பிக்காரர் மனைவிக்கான ஹெச்-4 விசாவில் எனக்கிருந்த வேலை அனுமதியும் அதை வைத்துத்தான் புதுப்பித்தோம்.

தம்பி, நீங்கள் கேட்க வேண்டியது இதுதான். 2015-லிருந்து, கணவருக்கு ஐ-140 அப்ரூவ் ஆகியிருந்தால் மனைவி வேலை பார்க்க அனுமதி கேட்கலாம். உங்கள் தங்கச்சி படித்த பெண்தானே? ஐ-140 இல்லாத மாப்பிள்ளைக்குப் போனால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

குறுக்குத்துறை:

பையனுக்குக் குடிப்பழக்கம் உண்டா, கோபக்காரனா என்று யாராவது விசாரித்தீர்களா? ஐ-140, ஐ-140 என்று அதையே பிடித்துத் தொங்குகிறீர்கள்.

வண்ணார்பேட்டை தம்பி:

விசாரித்துவிட்டோம் பெரியவரே, நல்ல பையன். இன்னொரு சந்தேகம். புதுக் கம்பெனியில் "ப்ராசஸிங் செலவு" கொஞ்சம் வரும், சீரோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தரகர் ஜாடையாகச் சொன்னார். பெர்முக்கு நாம் பணம் கொடுக்க வேண்டியிருக்குமா?

டவுன் ஆர்ச்:

ஒரு பைசாவும் கிடையாது. பெர்ம் வக்கீல் கட்டணமும் விளம்பரச் செலவும் கம்பெனியே ஏற்க வேண்டும், வேலைக்காரரிடம் வாங்கக்கூடாது என்று 2007-லிருந்து விதி. ஐ-485 கட்டணத்தை அவரவர் கட்டலாம், அது வேறு. பெர்ம் செலவு என்று யாராவது பணம் கேட்டால் கம்பெனி விதியை மீறுகிறது, இல்லையென்றால் இடையில் யாரோ கதை விடுகிறார்கள். இது பையனுக்குத் தெரியுமா என்று நேரில் கேளுங்கள். தரகர் சொந்தமாகவே சொல்லியிருக்கலாம்.

அண்ணாச்சிக்கு: இபி-2 இந்தியா வரிசை 2013, 2014 தேதிக்காரர்களைச் சுற்றித்தான் ஊர்கிறது. வருஷா வருஷம் கொடுக்கிற கிரீன் கார்டில் எந்த நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற கணக்கு இருக்கும்வரை இப்படித்தான். 2021 தேதிக்காரர் இன்னும் பல வருஷம் நிற்க வேண்டும். புதுப் பெர்முக்கு ஆகிற இரண்டு வருஷம் அந்தக் காத்திருப்புக்குள்ளேயே கரைந்துவிடும். அவருக்கு நஷ்டம் என்ன? நல்ல சம்பளத்தை விட்டுவிட்டுப் பழைய இடத்தில் ஏன் கிடக்க வேண்டும்?

களக்காடு:

இடையில் என் கேள்வி. 2020 அக்டோபரில், இபி-2-க்கு அடுத்த கீழ்ப் பிரிவான இபி-3-ல் தேதி 2015 வரைக்கும் ஓடியபோது, இபி-2-லிருந்து இறக்கி ஐ-485 போட்டவன் நான். இன்னும் முடியவில்லை. டெவலப்பராகப் போட்டது, இப்போது வேறு கம்பெனியில் மேனேஜராகக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

டவுன் ஆர்ச்:

உங்கள் கதை வேறு. ஐ-485 போட்டு 180 நாள் தாண்டினால், அதே வேலைக்கோ அதை ஒத்த வேலைக்கோ மாறலாம், புதுப் பெர்ம் வேண்டாம். 2000-ல் வந்த ஏசி-21 சட்டம் கொடுத்த உரிமை அது. வேலை உண்டு என்று உறுதி சொல்கிற சப்ளிமெண்ட் ஜே படிவத்தில் புதுக் கம்பெனி கையெழுத்துப் போட வேண்டும். டெவலப்பர்களை மேய்க்கிற மேனேஜர் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். விற்பனை மேனேஜர் என்றால் இடிக்கும். பதவிப் பெயரை விட அன்றாடம் என்ன வேலை என்பதைத்தான் பார்ப்பார்கள். ஹெச்-1பியையும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஐ-485-ல் வந்த வேலை அனுமதியை மட்டும் நம்பிப் போய், அது நிராகரிக்கப்பட்டால் நிற்க இடம் இருக்காது.

பொருநைக்கரை:

"பெரும்பாலும்" என்கிறார் பாருங்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் எல்லாரும் வேலையை விடுகிறார்கள்.

கடையம் மதினி:

தம்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். தங்கச்சி எங்கே பிறந்தாள்? உங்கள் பக்கம் வளைகுடாவில் இருந்தவர்கள் நிறைய ஆயிற்றே.

வண்ணார்பேட்டை தம்பி:

மஸ்கட்டில் அக்கா. அப்பா அங்கே கட்டுமானக் கம்பெனியில் இருந்தார். அவளுக்கு நாலு வயசாகும்போது ஊருக்கு வந்துவிட்டோம். பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்தான். ஏன்?

டவுன் ஆர்ச்:

மதினி, நீங்கள் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும்.

தம்பி, வரிசையைப் பிரிப்பது பிறந்த நாட்டை வைத்து. குடியுரிமையை வைத்து இல்லை. கணவன் மனைவி இரண்டு பேரில் ஒருவர் பிறந்த நாட்டின் கணக்கில் இன்னொருவரையும் சேர்க்கலாம். கல்யாணம் முடிந்து, இருவரும் சேர்ந்து ஐ-485 போட்டால் உங்கள் மாப்பிள்ளையை ஓமான் கணக்கில் வைப்பார்கள். அங்கே இந்தியா வரிசை கிடையாது, பொது வரிசைதான். அது 2021-ஐத் தாண்டி எப்போதோ போய்விட்டது.

பொருநைக்கரை:

அப்படியானால் நான் சொன்னதுதான் சரி! வரிசையே இல்லை என்றால் தடுக்கிறது எது? பெர்ம். பழைய கம்பெனியில் இருந்திருந்தால் கல்யாணம் முடித்துப் பெண்ணைக் கூட்டிப்போனதுமே ஐ-485 போட்டிருக்கலாம். இப்போது புதுப் பெர்முக்கு இரண்டு வருஷம் காத்துக் கிடக்க வேண்டும். கம்பெனி மாறினால் நஷ்டம் இல்லை என்றீர்களே, இதோ நஷ்டம்.

கடையம் மதினி:

அவர் மாறும்போது இந்தப் பெண்ணின் போட்டோவைக்கூடப் பார்த்திருக்க மாட்டார் அண்ணாச்சி. மஸ்கட் பெண் வருவாள் என்று ஜோசியம் பார்த்து வேலையில் இருக்க முடியுமா?

டவுன் ஆர்ச்:

இந்த ஓமான் கணக்கில் பெர்ம்தான் முட்டுக்கட்டை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. கிரீன் கார்டு எப்போதுமே வரப்போகிற வேலைக்குத்தான், இப்போது பார்க்கிற வேலைக்கு இல்லை. பழைய கம்பெனி ஐ-140-ஐ வாபஸ் வாங்காமல் இருந்து, "கார்டு வந்ததும் இவரை எடுத்துக்கொள்வோம்" என்று உண்மையாகவே நினைத்து சப்ளிமெண்ட் ஜே-யில் கையெழுத்துப் போட்டால், புது இடத்தில் வேலை பார்த்துக்கொண்டே பழைய ஐ-140-ஐ வைத்து ஐ-485 போடலாம். 180 நாள் கழித்தும் அது முடியாமல் இருந்தால், அதே மாதிரி வேலை என்ற கணக்கில் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம். எல்லாக் கம்பெனியும் சம்மதிக்காது. சண்டை போட்டுக் கிளம்பியிருந்தால் சுத்தமாக நடக்காது.

பொருநைக்கரை:

விட்டுப் போனவனுக்கு எந்தக் கம்பெனி கையெழுத்துப் போடும்? காகிதத்தில் எழுத நன்றாக இருக்கிறது.

டவுன் ஆர்ச்:

அபூர்வம்தான். ஆனாலும் எங்கள் ஆபீஸில் வருகிறது. அது நடக்கவில்லை என்றால் புதுக் கம்பெனி இன்றைக்கே பெர்மைத் தொடங்க வேண்டும். "ஒரு வருஷம் போகட்டும்" என்று பையன் தலையாட்டிவிட்டு வந்திருந்தால், அதைத்தான் இப்போது போய்ப் பேச வேண்டும். இந்தியா வரிசையில் அவசரம் இல்லை, ஓமான் கணக்கில் ஒவ்வொரு மாதமும் அவசரம்.

வண்ணார்பேட்டை தம்பி:

பையனிடம் இப்போதுதான் பேசினேன். சண்டை எதுவும் இல்லை, பழைய மேனேஜர் இன்னும் வாட்ஸாப்பில் பேசுகிறாராம். வாபஸ் வாங்கினார்களா என்று தெரியவில்லை. ஐ-140 அப்ரூவல் காகிதம் அவரிடம் இல்லை, நம்பர் மட்டும் இருக்கிறதாம். பெர்ம் செலவு பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது, தரகர் வேலைதான் அது. மஸ்கட் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் "நிஜமாவா?" என்று கேட்டார்.

டவுன் ஆர்ச்:

நம்பர் இருந்தால் நிலவரத்தை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். காகிதம் ஐ-797 என்று தலைப்புப் போட்டு வரும். மனு போட்ட கம்பெனி, பையன் பெயர், பிரையாரிட்டி தேதி, பிரிவு எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் இருக்கும். அது கம்பெனிக்கும் வக்கீலுக்கும் போகிற காகிதம், அதனால் நிறையப் பேர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பழக்கம் இருக்கும்போதே மேனேஜர் மூலம் ஒரு நகல் கேட்கச் சொல்லுங்கள். கொடுக்காவிட்டால் அரசாங்கத்திடமே தகவல் கேட்டு மனு போடலாம், நாளாகும்.

நீங்கள் செய்ய வேண்டியது: தங்கச்சிக்கு ஓமான் அரசு கொடுத்த பிறப்புச் சான்று இருக்கிறதா, அதில் அப்பா அம்மா பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். அரபியில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

பொருநைக்கரை:

அந்த மேனேஜரிடம் நாசூக்காகப் பேசச் சொல்லுங்கள் தம்பி. முதல் பேச்சிலேயே கையெழுத்து கேட்டால் காரியம் கெட்டுவிடும். அப்புறம், பையன் அடுத்த கம்பெனிக்குத் தாவ மாட்டார் என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையம் மதினி:

இவர் விடவே மாட்டார்.