தொண்ணூறு கிழக்கு முகடு: பசால்ட்டின் வயது ஏன் குறைவாக வருகிறது?

கேள்வி
இந்தியப் பெருங்கடலின் அடியில் 90 பாகை கிழக்கை ஒட்டி நீளும் அணைந்த எரிமலை முகடு. அதில் தென் அட்சம் 11.3 பாகையருகே கடலடிச் சரிவிலிருந்து வாரி எடுத்த பசால்ட்டுக்கு (எரிமலைக் குழம்பு உறைந்த கல்) பொட்டாசியம்–ஆர்கான் முறையில், அதாவது கல்லிலுள்ள பொட்டாசியம் சிதைந்து சேர்ந்த ஆர்கானை அளந்து வயது காணும் முறையில், 4.5 கோடி ஆண்டு வருகிறது. வடக்கே 7.7 கோடி, தென்கோடியில் 4.3 கோடி என்னும்போது நடுவில் இது இடிக்கிறதே? தவறு கல்லிலா, முறையிலா?

பதில் 1
எதிர்பார்க்கும் எண்ணை முதலில் போட்டுப் பாருங்கள். 7.7 கோடி கிடைத்த, ஆய்வுக்காகக் கடலடியில் தோண்டிய 758-ஆம் துளை வட அட்சம் 5.4-இல் இருக்கிறது. அங்கிருந்து தென் அட்சம் 31 வரை ஏறத்தாழ 4,000 கி.மீ., இடைவெளி 3.4 கோடி ஆண்டு. அதாவது கெர்குலென் வெப்பப்புள்ளி (பூமியின் ஆழத்திலிருந்து குழம்பு மேலெழும் இடம்) விட்டுச்சென்ற தடம் தெற்கே போகப்போக ஆண்டுக்குச் சுமார் 118 மி.மீ. வீதம் இளமையாகிறது. உங்கள் இடம் 758-இலிருந்து 1,850 கி.மீ. தள்ளி, 6.1 கோடி வர வேண்டும்.

முறையைத்தான் சந்தேகிக்கிறேன். கடல்நீரில் ஊறிய பசால்ட்டில் கண்ணாடிப் பகுதி களிமண்ணாகிவிடும். களிமண் கடல்நீரிலிருந்து பொட்டாசியத்தை இழுத்துக்கொள்ளும், ஆர்கானோ கசிந்து போகும். இரண்டுமே வயதைக் குறைக்கும். எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டிக் கொடுக்கும் முறையில் இந்தக் கோளாறு வெளியே தெரியாது.

பதில் 2
ஆர்கான் 40/39, படிப்படியாகச் சூடேற்றும் முறைக்கு மாறுங்கள். இதில் அணு உலையில் வைத்துக் கல்லின் பொட்டாசியத்தில் ஒரு பங்கை ஆர்கான்-39 ஆக்கி, ஒவ்வொரு சூட்டுப் படியிலும் வெளிவரும் வாயுவுக்குத் தனித்தனி வயது காண்பார்கள். வெளித்தோலை அறுத்து நீக்கி, நடுப்பகுதியின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பாருங்கள். பிளாஜியோகிளேஸ் (பசால்ட்டிலுள்ள ஒரு கனிமம்) படிகம் பளிச்சென்று இருந்தால் எடுங்கள், பால்போல் மங்கியிருந்தால் வேண்டாம். பொடித்து 200–300 மைக்ரான் துகளைச் சலித்தெடுத்து, அல்ட்ராசோனிக் தொட்டியில் 1 நார்மல், 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக், பிறகு 1 நார்மல், 3 நார்மல் நைட்ரிக் அமிலம், ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் வையுங்கள். கழுவிய பின் ஒவ்வொரு துகளாகக் கையால் பொறுக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் களிமண் ஒட்டிய நாலு துகள் போதும், முடிவு கெட்டுவிடும்.

அடுத்தடுத்த மூன்று படிகளாவது ஒரே வயதைக் காட்டி, ஆர்கான்-39-இல் பாதிக்கு மேல் அவற்றில் வந்தால்தான் அந்த வயதை ஏற்கலாம். பழைய கட்டுரைகளோடு ஒப்பிடும்போது, இந்த முறையில் அளவுகோலாக வைக்கும் கனிமமான ஃபிஷ் கேன்யன் சானிடினுக்கு எந்த வயதை வைத்தார்கள் என்று பாருங்கள்: 2.802 கோடியா, 2.820 கோடியா என்பதில் உங்கள் முடிவு ஏறத்தாழ 4 லட்சம் ஆண்டு நகரும்.

பதில் 3
இன்னொரு சோதனையும் இருக்கிறது. அதே அட்சத்தில் 1972-இல் தோண்டிய 214-ஆம் துளையில் பழுப்பு நிலக்கரி கிடைத்தது. அங்குள்ள மகரந்தம் பேலியோசீன் காலத்தது, 5.6 கோடி ஆண்டுக்கு முந்தையது. மேலே படிந்தது அடியிலுள்ள பசால்ட்டைவிடப் பழையதாக இருக்க முடியாது, எனவே அங்குள்ள பசால்ட் 5.6 கோடி ஆண்டுக்கும் பழையது. ஆனால் உங்கள் கல் வாரி எடுத்தது, சரிவின் எந்த மட்டத்திலிருந்தும் வந்திருக்கலாம். பதில் 2-இல் சொன்ன நிபந்தனைகள் நிறைவேறியும் 4.5 கோடியே வந்தால், பிற்காலத்தில் வழிந்த குழம்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.