லெனர்ட் வாங்கிய 28 மில்லியன்: கிளிப்பர்ஸ் மீது நிரூபிக்க முடியுமா?

மூணுபாயிண்ட்:
2025 செப்டம்பரில் பத்திரிகையாளர் பாப்லோ டோரே தன் பாட்காஸ்ட்டில் போட்டு உடைத்தது நினைவிருக்கிறதா? ஆஸ்பிரேஷன் என்ற நிதிச் சேவைக் கம்பெனி, NBA கூடைப்பந்து லீக்கின் கிளிப்பர்ஸ் அணி நட்சத்திரம் கவாய் லெனர்டுக்கு 28 மில்லியன் டாலர் விளம்பர ஒப்பந்தம் கொடுத்தது. அவர் நடித்த விளம்பரத்தைப் பார்த்தவர் யாராவது உண்டா? அந்தக் கம்பெனியில் கிளிப்பர்ஸ் முதலாளி ஸ்டீவ் பால்மர் 50 மில்லியன் போட்டிருந்தார். ஆட்டக்காரர்களுக்கு ஓர் அணி தரும் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்த உச்சவரம்பைத் தாண்டப் பின்வாசல் இது. இன்னும் என்ன ஆதாரம் வேண்டும்?

செல்வா:
"லெனர்டுக்குக் கொடு" என்று அணியில் யார் சொன்னார்கள்? அது வேண்டும். ஜோ ஸ்மித் என்ற ஆட்டக்காரர் விவகாரத்தில் மின்னசோட்டா அணி, உச்சவரம்பைச் சுற்றிப்போகும் ரகசிய உடன்படிக்கையை எழுதியே வைத்திருந்தது. ஏஜெண்டுகள் அடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனதால் காகிதம் சிக்கியது. 2000-ல் 35 லட்சம் டாலர் அபராதம், டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) ஐந்து முதல் சுற்று வாய்ப்புகளும் போயின (அப்புறம் இரண்டைத் திருப்பித் தந்தார்கள்). இங்கே அப்படி ஒரு காகிதம் எங்கே?

நிலா:
காகிதம் கட்டாயமில்லை. சூழ்நிலைச் சாட்சியத்தை வைத்தே நிரூபிக்கலாம் என்று லீக் விதி சொல்கிறது. டோரே காட்டிய ஒப்பந்தத்தைப் பாருங்கள்: பிடிக்காத வேலையை லெனர்ட் மறுக்கலாம், ஆனால் கிளிப்பர்ஸை விட்டுப் போனால் ஒப்பந்தம் ரத்தாகும். வேலை செய்யாவிட்டால் பரவாயில்லை, அணி மாறினால்தான் குற்றமாம்!

செல்வா:
ஆஸ்பிரேஷன் அப்போது கிளிப்பர்ஸின் ஸ்பான்சர், 300 மில்லியன் டாலர் ஒப்பந்தம். தான் காசு கொட்டும் அணியின் ஆட்டக்காரரைத்தானே கேட்கும்? லெனர்ட் அணியோடு கையெழுத்திட்டது 2021 ஆகஸ்ட். இந்த விளம்பர ஒப்பந்தம் அதற்குப் பிறகு. ஆஸ்பிரேஷன் நிறுவனர்களில் ஒருவரான ஜோ சான்பெர்க் மோசடியை ஒப்புக்கொண்டவர். பால்மரும் தான் ஏமாந்ததாகத்தான் சொல்கிறார். நிரூபிக்கும் பொறுப்பு லீக்குடையது, தோற்றம் மட்டும் போதாது என்று லீக் ஆணையர் ஆடம் சில்வரே சொல்லிவிட்டார்.

மூணுபாயிண்ட்:
விதி தெரியாத அணியா இது? 2015-ல் ஆட்டக்காரர் டிஆண்ட்ரே ஜோர்டனுக்கு லெக்ஸஸ் கார் விளம்பர வாய்ப்பைக் காட்டியதற்கு 2,50,000 டாலர் அபராதம் கட்டியது இதே கிளிப்பர்ஸ்தான்.

நிலா:
எனக்கு உறுத்துவது 2022 டிசம்பர். ஆஸ்பிரேஷன் கையில் காசில்லை, லெனர்டின் தவணை பாக்கி. அணியின் சிறு பங்குதாரர் டென்னிஸ் வாங் சுமார் 20 லட்சம் டாலர் போடுகிறார். ஒன்பது நாளில் லெனர்டின் கம்பெனிக்கு 17.5 லட்சம் போகிறது. மூழ்கும் கம்பெனியில் யார் முதலீடு செய்வார்? 2025 மார்ச்சில் திவால் மனுவே போட்டுவிட்டது.

செல்வா:
வாங்கை விசாரிக்கட்டும், அதில் தகராறில்லை. ஆனால் அவர் போட்ட காசுதான் லெனர்டுக்குப் போனது என்பதற்கு வங்கிக் கணக்கு பேச வேண்டும், தேதிகள் அல்ல.

நிலா:
திவால் வழக்கில் கணக்குப் புத்தகங்கள் எல்லாம் மேசைக்கு வரும். லீக் அமர்த்திய வக்கீல்கள் முதலில் அங்கேதான் தேட வேண்டும்.