பழைய ராட் பிரேக் சைக்கிள், ஹேண்டில் ரப்பர் கையில ஒட்டுது, மாத்துறது எப்படி?

மலைமந்திர்வாசி:
வணக்கம் மக்களே, டெல்லி ஆர்.கே.புரம். அப்பாவோட பழைய 22 இஞ்ச் சைக்கிள், குவார்ட்டர்ஸ்ல இருந்த காலத்துலேருந்து எங்ககூட இருக்கு, பால் வாங்கவும் கோயிலுக்குப் போகவும் இன்னும் அதைத்தான் ஓட்டுறேன். வண்டி கல்லு மாதிரி இருக்கு. ஹேண்டில் ரப்பர்தான் ரெண்டு வருஷமா பிசுபிசுன்னு இருந்துச்சு, இந்த வெயில்ல தார் மாதிரி இளகியே போச்சு. போன கிருத்திகைக்கு மலை மந்திர் முருகன் கோயில் வாசல்ல இறங்கி வேட்டியை சரி பண்ணேன், வெள்ளை வேட்டியில நாலு விரலும் கருப்பா அச்சு. அதோடயே வரிசையில நின்னு சாமி கும்பிட்டுட்டு வந்தேன்.

சோப்பு போட்டுத் தேய்ச்சாச்சு, பவுடர் போட்டாச்சு, துணி சுத்திப் பார்த்தாச்சு, ஒண்ணும் வேலைக்கு ஆகல. பஞ்சர் ஒட்டுற பையா ஹேண்டிலையே மாத்திடுங்கன்னு சொல்றார், அப்பா வண்டி, மனசு வரல. பழசை எப்படி கழட்டுறது, என்ன சைஸ் வாங்கணும், எங்க கிடைக்கும்? இழுத்துப் பார்த்தேன், ரப்பர்தான் பிய்ஞ்சு பிய்ஞ்சு கையோட வருது, மத்தபடி அசையல.

பஞ்சர்பாண்டி (மயூர் விஹார்):
பவுடர்லாம் வேணாம் பிரதர், அது அழுக்கு இல்ல, சரக்கே செத்துப்போச்சு. இந்த மாதிரி க்ரிப் நிறைய பிவிசி பிளாஸ்டிக்தான், அது மெத்துன்னு இருக்க எண்ணெய் மாதிரி ஒண்ணு கலந்திருப்பாங்க, வருஷம் போகப்போக அது மேல கசிஞ்சு வரும். நீங்க தொடைக்கத் தொடைக்க உள்ளேருந்து இன்னும் வந்துக்கிட்டேதான் இருக்கும்.

கழட்ட ரொம்ப யோசிக்காதீங்க. கட்டர் எடுத்து நீளவாக்குல ஒரே கீறல், பனங்கிழங்கு உரிக்கிற மாதிரி உரிச்சுடலாம், கத்தி உங்க பக்கம் வராம வெளிப்பக்கமா ஓடட்டும். க்ரிப் திரும்ப வேணும்னாத்தான் ஸ்போக்ஸ் கம்பியை உள்ள விட்டு ஸ்பிரிட் ஊத்தி சுத்தி சுத்திக் கழட்டணும், உங்களோடதை காப்பாத்தி மியூசியத்துலயா வைக்கப் போறீங்க. உரிச்சப்புறம் பைப்ல பிசின் மாதிரி அப்பிக்கிட்டிருக்கும், பெயின்ட் கடையில டர்பென்டைன் கொஞ்சம் வாங்கி துணியில நனைச்சுத் தொடைங்க, துரு இருந்தா உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க, கடைசியா சோப்புத் தண்ணியில கழுவி நல்லா காயவிடுங்க. டர்பென்டைன் மிச்சம் இருந்தா புது ரப்பரும் ஊறிடும்.

சைஸ் பெரும்பாலும் 22.2 மில்லி, அதாவது 7/8 இஞ்ச். அளக்குற வெர்னியர் கருவி இல்லேன்னா பைப்பைச் சுத்தி ஒரு நூலைக் கட்டி அளந்து பாருங்க, 7 சென்டிமீட்டர் வந்தா அதேதான். க்ரிப்போட உள் ஓட்டை பைப்பைவிட ஒரு பொடி சின்னதா இருக்கும், அந்த இறுக்கம்தான் பிடிமானமே, சுலபமா நுழையுதேன்னு சந்தோஷப்பட்டு லூசா இருக்கறதை வாங்கிடாதீங்க.

கரோல்பாக்_மாமி:
பாண்டி சொன்ன அந்தக் கடைசி வரியை நான் பட்டு அனுபவிச்சவ. பிள்ளையோட சைக்கிளுக்கு புது க்ரிப் வாங்கிண்டு வந்து எவ்வளவு அழுத்தியும் நுழையல்லே, சரின்னு ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டேன். வழுக்கிண்டு போச்சு பாருங்கோ, நானே மெக்கானிக் ஆயிட்டேன்னு ஒரே பெருமை. நாலாம் நாள் பூசா ரோடு சிக்னல்ல பச்சை விழுந்ததும் அவன் எழுந்து நின்னு மிதிச்சிருக்கான், இடது க்ரிப் அப்படியே கையோட வந்துடுத்து, முட்டி பூரா சிராய்ப்பு. ஆட்டோக்காரர் ஒருத்தர்தான் தூக்கி விட்டார். எண்ணெய், கிரீஸ், வாஸ்லின் எதுவும் கிட்டக்கவே போகப்படாது. சோப்புத் தண்ணிகூட எனக்கு நம்பிக்கை இல்லே, காஞ்சாலும் மழையில திரும்ப நுரைச்சு வழுக்கும்.

மருந்துக் கடையில ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், அதை க்ரிப் உள்ள ஊத்தி ஒரு குலுக்கு குலுக்கிட்டு உடனே தள்ளணும். வழுக்கறதும் அதுதான், ஆவியாகிப் போறதும் அதுதான். கொரோனாவுக்கு வாங்கின சானிடைசர் மிச்சம் இருக்கேன்னு எடுக்காதீங்கோ, நிறைய பாட்டில்ல கிளிசரின் இருக்கும். ராத்திரி பூரா விட்டுட்டு மறுநாள் ஓட்டுங்கோ.

பழையசெயின்:
தம்பி, ராட் பிரேக்குன்னு தலைப்புலயே போட்டிருக்கீங்க, அதை யாரும் கண்டுக்கல. உங்க வண்டியில பிரேக் லீவர் ஹேண்டிலுக்கு அடியிலயே ஒட்டினாப்புல ஓடும், அழுத்தினா கம்பி மேல இழுத்து கட்டை ரிம்மோட உள்பக்கம் போய்ப் பிடிக்கும். இதுல கியர் சைக்கிளுக்கு வர்ற குண்டு ஃபோம் க்ரிப்பை மாட்டினீங்கன்னா கட்டை ரிம்மைத் தொடறதுக்கு முன்னாடியே லீவர் க்ரிப்ல முட்டிக்கிட்டு நிக்கும், பிரேக்கே இல்லாத வண்டின்னு அர்த்தம். மெல்லிசுதான் வாங்கணும். நீளமும் பாருங்க, ஹேண்டில் நுனியிலேருந்து லீவரைத் தாங்குற கிளாம்ப் வரைக்கும் எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான் இடம், உரிச்ச பழசைத் தூக்கிப் போடாம ஒரு கவர்ல போட்டு கடைக்கு எடுத்துட்டுப் போங்க.

ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட் போங்க. புளூ லைன்ல ஜண்டேவாலான்ல இறங்கணும், பெரிய அனுமார் சிலை தெரியுதேன்னு வேடிக்கை பார்த்துக்கிட்டே இருந்தா கரோல் பாக் வந்துடும், எனக்கு ரெண்டு தடவை ஆச்சு. கடையில "தேசி சைக்கிள், பத்லா வாலா"ன்னு கேளுங்க, நாட்டு சைக்கிளுக்கு மெல்லிசானதுன்னு அர்த்தம். பாதிப் பேர் டஜன் கணக்குலதான் தருவேம்பான், நாலு கடை ஏறி இறங்கினா ஒரு ஜோடி தர ஆள் இருக்கு. நுனி மூடியிருக்கான்னு பார்த்து வாங்குங்க. திறந்த பைப்போட விழுந்தா அது வயித்துல குத்தும், விளையாட்டு இல்ல.

மலைமந்திர்வாசி:
எல்லாருக்கும் நன்றி, முடிஞ்சுது. ஜண்டேவாலான்ல அஞ்சாவது கடையில கருப்பு மெல்லிசு க்ரிப் ஒரு ஜோடி 60 ரூபாய். இடது பக்கம் சர்ருனு போயிடுச்சு. வலது பக்கம் பாதியில போன் அடிச்சுது, எடுத்து ஹலோ சொல்றதுக்குள்ள ஆல்கஹால் காஞ்சு க்ரிப் அங்கயே நின்னுடுச்சு. அப்புறம் பாண்டி சொன்ன ஸ்போக்ஸ் கம்பியை விட்டு நாலு சொட்டு ஊத்தி முறுக்கித் தள்ளினேன், மாமி நீங்க உடனேன்னு சொன்னது அப்பத்தான் புரிஞ்சுது. பிரேக் முட்டல சார், லீவருக்கும் க்ரிப்புக்கும் நடுவுல ரெண்டு விரல் போகுது.

பழசு ஏன் அசையலன்னும் தெரிஞ்சுது. கட்டர்ல கீறினா அடியில சைக்கிள் ட்யூபை நாடா மாதிரி வெட்டி, பஞ்சர் சொல்யூஷன் தடவி, ஒரு இடம் விடாம சுத்தியிருக்கு. அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு மணி நேரம். அப்பாகிட்ட கேட்டேன், பேப்பர்லேருந்து தலையைத் தூக்காம "கழண்டு வரக்கூடாதுன்னுதானே போட்டேன்"னு சொல்றார்.