பழைய பிக்கப்: ஐடிலில் ஆஃப் ஆகிறது, கியர் இடித்து விழுகிறது. கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

பழையவண்டி:

வணக்கம். 1978 மாடல் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர், மூன்று ஸ்பீடு ஆட்டோமேட்டிக். சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் நானே கை வைத்தேன், இப்போது முழிக்கிறேன்.

மூன்று மாதமாக ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) சரியில்லை. நியூட்ரலில் ஏறி ஏறி இறங்குகிறது. டிரைவில் போட்டு பிரேக் மிதித்து நின்றால் உதறி ஆஃப் ஆகிவிடும். ஐடில் ஸ்குருவைத் திருகிக் கூட்டினேன். ஆஃப் ஆவது நின்றது. ஆனால் பார்க்கிலிருந்து டிரைவுக்குத் தள்ளினால், பின்னால் யாரோ வந்து மோதியது போல 'டங்' என்று ஒரு இடி.

அதோடு முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற அடம் பிடிக்கிறது. மெதுவாக மிதித்தால் முன்பெல்லாம் 20 கி.மீ. வேகத்திலேயே சத்தமில்லாமல் மாறிவிடும். இப்போது 45 தாண்டி, எஞ்சின் கத்தித் தீர்த்த பிறகு, வெடுக்கென்று மாறுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் கொஞ்சம் வெள்ளைப் புகையும் வருகிறது.

மெக்கானிக் இரண்டு வேலை சொல்கிறார்: கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும், கார்புரேட்டரை மாற்ற வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் கெட்டுப்போகுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

சோக்வயர்:

முதலில் அந்த ஐடில் ஸ்குருவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஐடில் கூடுதலாக இருக்கும்போது கியரில் போட்டால் எந்த நல்ல ஆட்டோமேட்டிக்கும் இடிக்கும். நோயை மறைக்கப் போய் இன்னொரு நோயைச் சேர்த்திருக்கிறீர்கள்.

அப்புறம் கியர்பாக்ஸ் ஆயில். எஞ்சின் ஆயிலைப் போல வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கக் கூடாது. வண்டி நன்றாக ஓடிச் சூடாகியிருக்க வேண்டும், சமதரையில் நிற்க வேண்டும், எஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் பார்க்கில் வைத்துப் பார்ப்பார்கள், சிலவற்றில் நியூட்ரலில். எதற்கும் உங்கள் வண்டிப் புத்தகத்தைப் பாருங்கள். டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்து நிறத்தையும் வாசனையையும் சொல்லுங்கள். சிவப்பாக இருந்தால் நிம்மதி. கருத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம்.

ஆறாம்கியர்:

வெள்ளைப் புகை என்கிறீர்களே, ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும். ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா பாருங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் ஐடிலும் உதறும்.

பழையவண்டி:

@ஆறாம்கியர் தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை. ஒரு மாதமாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

@சோக்வயர் அண்ணா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். ஆயில் நல்ல சிவப்பு, தீய்ந்த வாடை இல்லை. ஆனால் அளவு குறைவு. போன மாதம்தான் ஒரு லிட்டர் ஊற்றினேன், மறுபடியும் குறைந்திருக்கிறது. இதில் என்ன வேடிக்கை என்றால், வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்துவிட்டேன், ஒரு துளி ஒழுகல் இல்லை. ரேடியேட்டருக்குப் போகும் கூலர் பைப்பும் காய்ந்துதான் இருக்கிறது. எங்கே போகிறது?

கிரீஸ்கை:

தம்பி, கியர்பாக்ஸை இறக்காதீர்கள். கார்புரேட்டரும் வாங்காதீர்கள். ஆயில் குறைகிறது, ஒழுகல் இல்லை, வெள்ளைப் புகை, ஐடில் உதறல், கியர் தாமதம். இந்த ஐந்தும் சேர்ந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது வேக்குவம் மாடுலேட்டரைத்தான்.

அது என்னவென்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். உங்கள் கியர்பாக்ஸுக்கு நீங்கள் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். மெதுவாக மிதித்தால் சீக்கிரம், மென்மையாகக் கியர் மாற்றலாம். பாரம் ஏற்றி மேட்டில் அழுத்தி மிதித்தால் தாமதமாக, கெட்டியாகப் பிடித்து மாற்ற வேண்டும். சென்சார் இல்லாத காலத்தில் இதை எஞ்சினின் உறிஞ்சலை, அதாவது வேக்குவத்தை வைத்தே கண்டுபிடித்தார்கள். ஐடிலிலும் மெதுவாக ஓட்டும்போதும் இன்டேக் மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்த் தொகுதி) உறிஞ்சல் அதிகம், மிதிக்க மிதிக்கக் குறையும். மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய பைப் கியர்பாக்ஸ் வரை போகும். அதன் முனையில் உருண்டையான தகர டப்பா ஒன்று இருக்கும், அதுதான் மாடுலேட்டர். உள்ளே ஒரு ரப்பர் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு), ஒரு ஸ்பிரிங். உறிஞ்சல் இருந்தால் டயஃப்ரம் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும், கியர்பாக்ஸுக்குள் ஆயில் பிரஷர் இறங்கும். உறிஞ்சல் வராவிட்டால் ஸ்பிரிங் தள்ளும், பிரஷர் ஏறும், 'முழுசாக மிதிக்கிறார்கள்' என்று கியர்பாக்ஸ் நினைத்துக்கொள்ளும்.

இப்போது அந்த டயஃப்ரம் கிழிந்தால்? ஒன்று, அந்த ஓட்டை வழியாக எஞ்சின் ஏர் இழுக்கும். ஐடில் உதறும். இரண்டு, கியர்பாக்ஸுக்கு உறிஞ்சல் தெரியாது. கியர் தாமதமாக, இடித்து மாறும். மூன்று, கியர்பாக்ஸ் ஆயிலையே எஞ்சின் அந்தப் பைப் வழியாக உறிஞ்சி எரிக்கும். உங்கள் ஒரு லிட்டர் சைலன்சர் வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது.

சோதிப்பது ஐந்து நிமிட வேலை. எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள்) மாடுலேட்டரில் செருகியிருக்கும் சின்ன ரப்பர் ஓஸைக் கழற்றுங்கள். உள்ளே காய்ந்திருக்க வேண்டும். சிவப்பு ஆயில் இருந்தால் கதை முடிந்தது.

ஆறாம்கியர்:

எல்லா ஆட்டோமேட்டிக்கிலும் இது கிடையாது, அதையும் சொல்லிவிடுங்கள் சார். படிக்கிறவர்கள் இல்லாத டப்பாவைத் தேடப் போகிறார்கள்.

கிரீஸ்கை:

நியாயம்தான். டர்போ ஹைட்ராமேட்டிக் 350, 400, ஃபோர்டின் சி4, சி6 போன்றவற்றில் உண்டு. 700ஆர்4 மாதிரி ஓவர்டிரைவ் வந்த பிறகான பெட்டிகளில் கார்புரேட்டரிலிருந்து ஒரு கேபிள் போகும். அந்தக் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டவே ஓட்டாதீர்கள். பிரஷர் இல்லாமல் கிளட்ச் வழுக்கி எரிந்துவிடும். மாடுலேட்டர் அப்படியல்ல. கெட்டால் பிரஷரைக் கூட்டும், இடிக்கும், ஆனால் சட்டென்று எரிக்காது. அந்த வகையில் இந்தத் தம்பி கொடுத்துவைத்தவர்.

பழையவண்டி:

கழற்றினேன். மணிக்கட்டு வரை சிவப்பு ஆயில்! ஓஸிலிருந்து சொட்டுச் சொட்டாக வருகிறது. மூன்று மாதத் தூக்கம் போனது இந்தத் தகர டப்பாவாலா?

கிரீஸ்கை:

அதேதான். மாற்றுவது சுலபம். பெரும்பாலும் ஒரு போல்ட், கவை மாதிரி ஒரு பிடிப்புத் தகடு. சிலவற்றில் திருகிக் கழற்றுகிற மாதிரி இருக்கும். வெளியே இழுக்கும்போது கொஞ்சம் ஆயில் கொட்டும், பாத்திரம் வையுங்கள். உள்ளே ஒரு சின்ன வால்வோ கம்பியோ இருக்கும், அது கூடவே நழுவி வரும். எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓ-ரிங் புதிதாகப் போடுங்கள்.

ஓஸையும் மாற்றிவிடுங்கள். வழியில் இருப்பது இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் ரப்பர். அந்த ரப்பர்தான் சூட்டில் வெடிக்கும். ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிப் பாருங்கள். குழாய் நுழையும் இடத்துக்குப் பக்கத்துச் சிலிண்டரின் பிளக் ஆயில் குடித்து அழுக்கேறியிருக்க வாய்ப்பு அதிகம்.

பழையவண்டி:

புது மாடுலேட்டர், புது ஓஸ், ஆயில் அளவும் சரி. நீங்கள் சொன்னது போலவே ஒரு பிளக் மட்டும் கரி பிடித்திருந்தது. முதல் பத்து நிமிடம் புகை இன்னும் அதிகமாக வந்து பயமுறுத்தியது. சைலன்சரில் தேங்கியிருந்தது எரிந்திருக்கும் போல, அப்புறம் சுத்தமாக நின்றுவிட்டது.

ஆனால் 'டங்' போகவில்லை. ஐடிலும் பாதிதான் சரியானது. ஒரு வேக்குவம் கேஜ் இரவல் வாங்கி மாடுலேட்டர் ஓஸில் 'T' வடிவ இணைப்பு போட்டு வைத்தேன். ஐடிலில் பூஜ்யம்! புது டப்பாவும் கோளாறா?

சோக்வயர்:

ஓஸின் மறுமுனையை எங்கே செருகினீர்கள்?

பழையவண்டி:

கார்புரேட்டரில் காலியாக ஒரு மூக்கு இருந்தது. பக்கத்திலேயே இருக்கிறதே என்று அதில் செருகினேன். பழைய இடம் மேனிஃபோல்டில், பின்பக்கம், கை போகவே கஷ்டம். அதை ரப்பர் மூடி போட்டு அடைத்துவிட்டேன்.

சோக்வயர்:

பார்த்தீர்களா! அந்த மூக்கு த்ராட்டில் தகட்டுக்கு (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) மேலே திறக்கிறது. ஐடிலில் தகடு மூடியிருக்கும்போது அங்கே உறிஞ்சல் இருக்காது, கொஞ்சம் ரேஸ் கொடுத்தால்தான் வரும். கேஜைப் பார்த்துக்கொண்டே லேசாக ரேஸ் கொடுங்கள், முள் எகிறும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது) வேண்டுமானால் அது சரிப்படும், மாடுலேட்டருக்கு உதவாது. ஐடிலில் கியரில் போடும் அந்தக் கணத்தில்தான் அதற்கு முழு உறிஞ்சல் வேண்டும். கை போகாத பழைய இடத்துக்கே மாற்றுங்கள்.

பழையவண்டி:

மாற்றினேன். முழங்கை தோல் உரிந்ததுதான் மிச்சம் என்று சொல்ல மாட்டேன், 'டங்' பாதியாகக் குறைந்தது. இப்போது ஐடிலில் 14 அங்குலம் (பாதரச அளவில்) காட்டுகிறது. முள் ஆடவில்லை, நிலையாக நிற்கிறது. இது போதுமா?

கிரீஸ்கை:

போதாது. கடல் மட்டத்தில் ஆரோக்கியமான எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் காட்ட வேண்டும். உயரமான ஊர் என்றால் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் கழித்துக்கொள்ளலாம். முள் துடித்தால் வால்வு, பிளக் பக்கம் சந்தேகப்படுவேன். ஆடாமல் தாழ்ந்து நின்றால் இன்னும் எங்கோ ஏர் இழுக்கிறது, இல்லை இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறது.

ஓஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நசுக்கிக்கொண்டே கேஜைப் பாருங்கள். எதை நசுக்கும்போது முள் ஏறுகிறதோ அங்கே திருடன். பிரேக் பூஸ்டர் ஓஸை மறந்துவிடாதீர்கள், அதுவும் இதே உறிஞ்சலில்தான் வேலை செய்கிறது. பிரேக் மிதிக்கும்போது ஆஃப் ஆனது என்று எழுதியிருந்தீர்கள். பிசிவி வால்வைக் (எஞ்சின் அடிப்பகுதி வாயுவை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் வால்வு) கழற்றிக் குலுக்கினால் கடகடவென்று கேட்க வேண்டும். ஓஸ் எல்லாம் சரி என்றால் கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்.

ஆறாம்கியர்:

கார்புரேட்டர் கிளீனரை அங்கங்கே அடித்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடுமே? ஓட்டை இருக்கும் இடத்தில் அடித்தால் ஆர்.பி.எம். மாறும்.

கிரீஸ்கை:

தெரியும், தீயும் பிடிக்கும். நேர் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், ஒன்றின்மேல் ஒன்று. சூடான மேனிஃபோல்டின் தலையில் அதை அடிக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. பூச்செடிக்கு அடிக்கும் ஸ்பிரேயில் வெறும் தண்ணீர் போதும். கார்புரேட்டரின் அடி விளிம்பில் லேசாக அடியுங்கள், கசிவு இருந்தால் ஐடிலின் சத்தம் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் மட்டும் வேண்டாம்.

பழையவண்டி:

கிடைத்தது. பூஸ்டர் ஓஸை நசுக்கினேன், மாற்றமில்லை. பிசிவி கடகடக்கிறது. கார்புரேட்டர் அடியில் தண்ணீர் பட்டதும் ஐடில் ஒரு கணம் சீராகி மறுபடி உதறியது. கழற்றினால் கேஸ்கெட் ஒரு மூலையில் பிஸ்கட் மாதிரி உடைந்து கிடக்கிறது. இரண்டு நட்டுகளில் ஒன்று கையாலேயே திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. போன வருஷம் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து மாட்டியது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

புது கேஸ்கெட் போட்டதும் 18.5.

சோக்வயர்:

இப்போதுதான் கார்புரேட்டர் ஸ்குருவில் கை வைக்கலாம். இதற்கு முன்னால் செய்ததெல்லாம் வீண். எஞ்சின் சூடாகி, சோக் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். டைமிங் பார்ப்பதாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் வேக்குவம் ஓஸைக் கழற்றி அடைத்துவிட்டுப் பாருங்கள். மிக்ஸ்சர் ஸ்குருவை (ஐடிலில் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்வது) உள்ளே திருகிக்கொண்டே போய், எஞ்சின் தடுமாறும் இடத்திலிருந்து மெல்ல வெளியே கொண்டுவந்து, கேஜில் முள் உச்சத்தில் நிற்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். கடைசி வரை இறுக்கி நீடிலின் முனையைக் கெடுத்துவிடாதீர்கள். ஐடில் ஆர்.பி.எம். எவ்வளவு என்று பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும். டிரைவில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் சக்கரத்துக்குக் கட்டை, கை பிரேக், உள்ளே ஒரு ஆள், மூன்றும் வேண்டும். வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள்.

பழையவண்டி:

முடித்தேன். டிரைவில் 600, கண்ணாடித் தம்ளரை ஏர் கிளீனர் மேல் வைக்கலாம் போல் நிற்கிறது. கியரில் போட்டால் லேசாக ஒரு அசைவு, அவ்வளவுதான். முதலிலிருந்து இரண்டுக்கு 22-இல் மாறுகிறது. நான்கு நாள் ஓட்டிவிட்டு ஆயில் பார்த்தேன், அதே கோட்டில் இருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். முந்துவதற்காக முழுசாக மிதித்தால் கீழ் கியருக்கு இறங்கவில்லை. முன்பு இறங்கும். மாடுலேட்டரில் ஒரு ஸ்குரு இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதைத் திருகலாமா?

கிரீஸ்கை:

அதைத் தொடாதீர்கள். அந்த ஸ்குரு கியர் மாறும் வேகத்தையும் அழுத்தத்தையும் சற்றே நகர்த்துவதற்கு, அது இப்போது சரியாகவே இருக்கிறது. கீழே இறங்குவது வேறு கதை. உங்கள் பெட்டியில் அதற்குத் தனிக் கேபிளோ கம்பியோ இருக்கும். கார்புரேட்டரைக் கழற்றினீர்களே, மாட்டும்போது அதை மாட்டினீர்களா?

பழையவண்டி:

...தொங்கிக்கொண்டிருக்கிறது. மாட்டிவிட்டு வருகிறேன்.