பழைய 110 கொரோலா: ஓட்டோ கியர் பிந்தி மாறுது, இடிச்சும் மாறுது

உப்புவெளி_110:
அப்பா ஓடின 1998 ஆம் ஆண்டு டொயோட்டா கார், 110 மொடல் கொரோலா. ஓட்டோ கியர். அவர் போனாப் பிறகு நான்தான் வைச்சிருக்கிறன். மூண்டு கிழமையா இப்பிடி: காலை மெதுவாத்தான் வைக்கிறன், ஆனா எஞ்சின் நிமிசத்துக்கு 4000 சுத்து மட்டும் கத்தினாப் பிறகுதான் இரண்டாம் கியர் விழுது. விழேக்க பின்னால ஆரோ வந்து இடிச்ச மாதிரி ஒரு அடி. மூண்டாம் கியருக்கும் அதேதான். நேர் றோட்டில 80இல போகேக்க ஒரு குறையும் இல்லை, வழுக்கிறதும் இல்லை.

ஒரு கராஜில காட்டினன். ஒயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கைக்கூட இழுத்துப் பார்க்காமல், "கியர் பொக்ஸ் முடிஞ்சுது, றீகண்டிஷன் ஒண்டு போடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டினம். அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோறது இந்தக் காரிலதான். அவ்வளவு காசு கையில இல்லை. அதுக்கு முதல் வேற என்ன பார்க்கலாம்?

கிண்ணியா_வாகனம்:
தம்பி, முதல்ல கியர் பொக்ஸ் ஒயில். எஞ்சினை நல்லாச் சூடாக்கி, சம தரையில நிப்பாட்டி, பிறேக்கை மிதிச்சபடி கியர் லீவரைப் பீயிலிருந்து (P) எல் (L) வரைக்கும் ஒவ்வொண்டாப் போட்டுத் திரும்ப பீக்குக் கொண்டு வாங்க. எஞ்சின் ஓடிக்கிட்டிருக்கவே டிப் ஸ்டிக்கைப் பாருங்க. கறுத்து, கருகின மணம் வந்தா உள்ளுக்குள்ள கிளச் தட்டு எரியுது. பால் தேத்தண்ணி நிறமெண்டா ரேடியேற்றர் தண்ணி கலந்திருக்கு.

உப்புவெளி_110:
பார்த்தன் அண்ணை. கொஞ்சம் மண்ணிறம், ஆனா கருகின மணம் இல்லை. அளவும் சூட்டுக் கோட்டுக்குள்ளதான் நிக்குது.

தம்பலகாமம்_பாஸ்:
அப்பிடியெண்டா கியர் பொக்ஸில கை வையாதீங்கோ. பொனெற்றைத் திறந்து துரொட்டிலைப் பாருங்கோ. அக்சிலறேற்றர் கேபிளுக்குப் பக்கத்தில இன்னொரு கேபிள் கீழ கியர் பொக்ஸுக்குள்ள போகும். நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீங்கள் எண்டதை கியர் பொக்ஸுக்குச் சொல்லுறது அதுதான். அது இழுபட்டபடி நிண்டா, நீங்கள் முழுசா மிதிக்கிறீங்கள் எண்டு நினைச்சு ஒயில் அழுத்தம் ஏறும். கியர் பிந்தும், இடிக்கும். உங்கட வீடு கடற்கரைப் பக்கம், உப்புக் காத்து. கையால இழுத்து விட்டுப் பாருங்கோ, சட்டெண்டு திரும்பிப் போகுதோ?

உப்புவெளி_110:
போகேல்ல! இழுத்த இடத்திலயே நிக்குது. றப்பரை விலக்கினா உள்கம்பி முழுக்கத் துரு, இரண்டு இழை அறுந்தும் கிடக்கு. கொஞ்சம் தளர்த்தி விட்டா ஓடலாமோ?

தம்பலகாமம்_பாஸ்:
வேண்டாம் தம்பி, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீங்கோ. தளர்ந்தா அழுத்தம் குறையும். இடி நிண்டிடும், ஓட சுகமாத்தான் இருக்கும், ஆனா கிளச் வழுக்கி எரிஞ்சு போகும். நல்ல பொக்ஸுகள் கனக்க அப்பிடித்தான் செத்தது, நானே கழட்டிப் பார்த்திருக்கிறன். புதுக் கேபிள் போடுங்கோ. கீழ்த் தட்டைக் கழட்டித்தான் மாத்த வேணும். தட்டில காந்தம் இருக்கும், அதில ஒட்டியிருக்கிறதைக் கட்டாயம் பாருங்கோ. சாம்பல் நிறப் பசை வழமையானது, உலோகத் துண்டெண்டாத்தான் பயம். ஒயில் வடிகட்டுற வலையையும் கழுவி, டெக்ஸ்றன் மூண்டு ஒயில் விடுங்கோ. கேபிளில நசுக்கி வைச்ச சின்னத் தடுப்புக்கும் வெளிக்குழாய் முனைக்கும் இடைவெளி 0 முதல் 1 மில்லிமீற்றர். மிதிச்சு வைச்சு அளக்கிறதோ விட்டு அளக்கிறதோ எண்டது மொடலுக்கு மொடல் மாறும், கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கோ.

உப்புவெளி_110:
நேற்று முடிச்சாச்சு. காந்தத்தில பசை மட்டும்தான், ஒரு துண்டும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நிலாவெளி றோட்டில 2000 தாண்டினவுடன இரண்டாம் கியர் விழுது, விழுந்ததே தெரியேல்ல. பின்னேரம் அம்மாவை ஏத்திக்கொண்டு கோட்டை வாசலால கோணேசர் கோயில் ஏற்றமும் ஏறினன், ஒரு இடியும் இல்லை. அண்ணை, ஒயில் மூண்டு லீற்றர் மட்டில்தான் பிடிச்சது. மிச்சம் பழசோ?

தம்பலகாமம்_பாஸ்:
ஓம், மிச்சம் எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் நடுவில இருக்கிற கொன்வேர்ட்டருக்குள்ள நிக்கும். 1000 கிலோமீற்றர் ஓடிட்டு இன்னொருக்கா வடிச்சு, வடிஞ்ச அளவுக்குப் புதுசு விடுங்கோ. மெசின் வைச்சு பழைய ஒயில் முழுக்கத் தள்ளி எடுக்கிற ஃபிளஷ் பண்ணக் குடுக்க வேண்டாம்.