தலை அறுவைச் சிகிச்சையின் நடுவே நகரும் சி.டி. ஸ்கேன்: எப்போது உண்மையில் பயன்படுகிறது?

வைகைக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் நரம்பு அறுவைச் சிகிச்சையில் முதுநிலை பயிலும் மாணவன். அறுவை அரங்குக்குள்ளேயே தள்ளிக்கொண்டு வந்து தலையைப் படமெடுக்கக்கூடிய சி.டி. கருவி ஒன்றை வாங்கலாமா என்று எங்கள் துறையில் பேச்சு நடக்கிறது. விளக்கம் அளிக்க வந்தவர்கள் காட்டிய படங்கள் தெளிவாகவே இருந்தன. ஆனால் மண்டையோடு திறந்திருக்கும்போது எடுக்கும் படம், அறுவையின் போக்கையே மாற்றும் தருணங்கள் எவை என்று கேட்டால் பொதுவான பதிலே கிடைக்கிறது. காயத்தைத் தைத்து முடித்த பிறகு நோயாளியை ஸ்கேன் அறைக்குக் கொண்டுசென்று எடுத்தால் போதாதா? கதிர்வீச்சு, தொற்று, மயக்கத்தில் கூடும் நேரம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இதை நாள்தோறும் பயன்படுத்துபவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செங்காந்தள் (நரம்பு அறுவை மருத்துவர்):

தம்பி, சரியான இடத்தில் கேள்வியை வைத்திருக்கிறீர்கள். ஸ்கேனும் அறுவை அரங்கும் ஒன்றுசேர்ந்தது புதிய செய்தியன்று. சி.டி.யை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி 1971 அக்டோபரில் லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியைப் படமெடுத்தது. 1980களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் அறுவை அரங்குக்குள் சி.டி. நிறுவப்பட்டுவிட்டது. கருவி சிறிதாகி, மின்கலத்தில் இயங்கி, சக்கரத்தில் நகரத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான்.

அறுவையின் போக்கை மாற்றும் தருணம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் விபத்துக் காயத்தையே சொல்வேன். ஒரு பக்கம் மூளையை மூடியிருக்கும் தடித்த உறையான டியூராவுக்கு அடியில் உறைந்த இரத்தம், மறுபக்கம் மண்டையோட்டில் ஒரு விரிசல் என்ற நிலையில் நோயாளி வருகிறார். எலும்பை அகற்றி, டியூராவைத் திறந்து, இரத்தக் கட்டியை எடுத்தவுடன் மூளை வெளியே பிதுங்கத் தொடங்குகிறது. அதுவரை உள்ளழுத்தமே மறுபக்கத்து விரிசலில் கிழிந்த நாளத்தை அடைத்து வைத்திருந்தது. நாம் அழுத்தத்தை விடுவித்ததும் அங்கே புதிதாக இரத்தம் கசிந்து, எலும்புக்கும் டியூராவுக்கும் இடையே தேங்கி, மூளையை நம் பக்கம் தள்ளுகிறது. இதே பிதுங்கல் வெறும் வீக்கத்தாலும் வரலாம் என்பதால், படமில்லாமல் வேறுபடுத்துவது மிகக் கடினம். ஊகத்தின் பேரில் மறுபக்கம் துளையிடுவது, அல்லது தோலை அவசரமாக மூடிக்கொண்டு ஸ்கேன் அறைக்கு ஓடுவது என்ற இரண்டு வழிகளே மிஞ்சும். மேசையிலேயே படம் கிடைத்தால் அந்த நோயாளியின் உயிரும் அறிவும் அதில் அடங்கியிருக்கின்றன என்பதை மிகையில்லாமல் சொல்கிறேன்.

அடுத்தது, ஒரு பொருளை நாம் உள்ளே வைத்துவிட்டு வரும் அறுவைகள். நடுக்குவாத நோய்க்கு மூளையின் ஆழத்தில் மின்முனை பொருத்தும்போது, அறுவைக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தின் மேல் அரங்கில் எடுத்த சி.டி.யைப் பொருத்திப் பார்த்து, முனை குறித்த இடத்தில் நிற்கிறதா என்று அப்போதே அறியலாம். கண்குழி எலும்பு முறிவில் வைக்கும் தகட்டின் பின்விளிம்பு பார்வை நரம்பை நெருங்கியிருந்தால், இரண்டாவது அறுவைக்குக் காத்திருக்காமல் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். இடம் மாறிய மூளைநீர் அறைக்குள் வடிகுழாய் செலுத்துவதும் இந்த வகையே.

புற்றுக்கட்டிகளில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக வளரும் தாழ்நிலைக் கட்டிகள் பலவும் சி.டி.யில் சுற்றியுள்ள மூளையின் நிறத்திலேயே தெரிவதால், மிச்சம் இருக்கிறதா என்று சொல்ல அது ஏற்ற கருவியன்று. அங்கே அறுவை நடுவே எடுக்கும் எம்.ஆர்.ஐ.தான் சிறந்தது. சிறுமூளை இருக்கும் மண்டையோட்டின் பின்பக்கக் குழியில் காதெலும்பின் அடர்த்தியால் விழும் கோடுகள் படத்தைக் கெடுக்கும். திறந்த மண்டையோட்டின் வழியே அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்ப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கதிர்வீச்சில்லாமல் அந்த நொடியிலேயே காட்டும் கருவி அது. முன்பே எடுத்த படத்தைக் கொண்டு அறுவையில் இடம் காட்டும் நேவிகேஷனைப் பொறுத்தவரை, டியூரா திறந்து நீர் வடிந்தபின் மூளையின் மேற்பரப்பு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக்கூட இறங்கிவிடும் என்பதால், காலையில் எடுத்த படத்தை வைத்து நடுப்பகலில் வழிகாட்டச் சொல்வது சரியாகாது. புதிய சி.டி. அந்தக் குறையை ஓரளவு தீர்க்கும்.

ஈயத்திரை (ரேடியோகிராபர்):

மருத்துவர் அம்மா சொன்னவற்றோடு கருவியின் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சேர்க்கிறேன். தலைக்கென்றே செய்யப்பட்ட செரிடாம் போன்ற கருவியின் வாய் 32 சென்டிமீட்டர் அகலமே கொண்டது. தோள் அதற்குள் நுழையாது. ஆகவே தலையும் மேல்கழுத்தும் தவிர வேறெதையும் அதில் எடுக்க முடியாது. முதுகெலும்பு அறுவைகளுக்கும் சேர்த்து வேண்டுமென்றால் பாடிடாம் போன்ற, 85 சென்டிமீட்டர் வாயுடைய பெரிய கருவி தேவைப்படும். அதை லிஃப்டில் ஏற்ற முடியுமா, தரை தாங்குமா என்று முன்கூட்டியே பொறியாளரிடம் கேட்டுவிட வேண்டும். வழக்கமான ஸ்கேன் அறையில் மேசை நகரும். இங்கே நோயாளி அசையாமல் கிடக்க, வளையம் அவரை நோக்கி நகர்கிறது. தரை சமமாக இல்லாவிட்டால் படத்தின் துல்லியம் குறையும்.

கருவியின் விலையை மட்டும் கணக்கிட்டுவிட்டு, அறுவையில் தலையை அசையாமல் பிடித்திருக்கும் தலைப்பிடியை மறந்துவிடாதீர்கள். சாதாரண உலோகப் பிடியோடு எடுத்தால் படம் முழுவதும் நட்சத்திரக் கோடுகளாக நிரம்பும். கதிர் ஊடுருவும் கார்பன் இழைப் பிடியும் அதற்கேற்ற ஊசிகளும் மேசை இணைப்பும் தனியே வாங்க வேண்டியவை.

கதிர்வீச்சைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு தலை சி.டி.யில் நோயாளி பெறுவது ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். உலக மக்கள் இயற்கையிலிருந்து ஓராண்டில் பெறும் சராசரி 2.4. ஒரு படத்தால் பெரியவர்களுக்கு அஞ்சத்தக்க கேடில்லை. ஆனால் மண்டையோட்டுத் தையல்கள் முன்கூட்டியே மூடிக்கொண்ட கைக்குழந்தைகளுக்கு அறுவை செய்யும்போது, இந்தப் படம் எந்த முடிவை மாற்றப்போகிறது என்று கேட்டபின்பே பொத்தானை அழுத்த வேண்டும். ஊழியர்களுக்கு இந்தியாவில் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30 என்பது வரம்பு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் கருவியை இயக்கக்கூடாது.

வைகைக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. மறுபக்க இரத்தக் கசிவைப் பற்றி நான் இப்படி யோசித்ததே இல்லை. மூளை பிதுங்கும் அந்த நேரத்தில் படமெடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குள் நிலைமை கைமீறிவிடாதா?

மூச்சுக்காற்று (மயக்கவியல் மருத்துவர்):

படம் ஓடும் நேரம் மிகச் சிறிது. ஆயத்தம்தான் நேரத்தை விழுங்கும். காயத்தை ஈரப்பஞ்சால் மூடி, உலோகக் கருவிகளை எடுத்து, தலையைத் தூய்மையான உறையால் சுற்றி, மூச்சுக்குழாயும் இரத்த அழுத்தக் கம்பியும் வளையத்தில் சிக்காதவாறு நீட்டிவிட்டு, அனைவரும் ஈயத்திரைக்குப் பின்னால் போக வேண்டும். பழகாத குழுவுக்கு இது கால் மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். நோயாளி இல்லாமல் ஒத்திகை பார்த்த குழு பாதி நேரத்தில் முடித்துவிடும். ஆகவே, விபத்து நோயாளிக்கு மறுபக்க விரிசல் முதல் படத்திலேயே தெரிந்தால், கருவியை அரங்கின் ஓரத்தில் தயாராக நிறுத்தி, கார்பன் பிடியிலேயே தலையைப் பொருத்திவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்று. மூளை பிதுங்கினால் முதலில் ஸ்கேனைத் தேடாதீர்கள். கழுத்து அதிகம் திரும்பிச் சிரை அழுந்தியிருக்கிறதா, கரியமில வாயு ஏறியிருக்கிறதா, மயக்கம் குறைந்திருக்கிறதா, தலை தாழ்ந்திருக்கிறதா என்று எங்களைக் கேளுங்கள். இவை ஒரு நிமிடத்தில் பார்க்கக்கூடியவை. இவையெல்லாம் சரியாக இருந்தும் மூளை அடங்கவில்லையென்றால், வளையத்தை உள்ளே தள்ளச் சொல்லலாம். அந்தச் சில நிமிடங்களில் மானிட்டரை வெளியிலிருந்து கண்ணாடி வழியே தொடர்ந்து பார்க்க முடிகிறதா என்பதைக் கருவி வாங்குவதற்கு முன்பே உங்கள் அரங்கில் நின்று பார்த்துவிடுங்கள்.